தெரிவும் தெரிவு செய்வோனும்: பொருளியற் கல்வியும் கட்டிளமைப் பருவமும் பற்றிய ஒரு நோக்கு

உயர்தர வகுப்பிற் பொருளியலைப் பாடமாகக் கொள்ளும் மாணவன் முதன்முதலிற் கற்பது அருமை என்னும் எண்ணக்கருவாகும். மனிதரின் தேவைகள் எண்ணிறந்தன. அவற்றை நிறைவு செய்யும் வளங்களோ அளவுட்பட்டவை. ஆதலின் தெரிவு தவிர்க்கவியலாதது. ஒன்றைத் தெரியுமிடத்துக் கைவிடப்படும் அடுத்த சிறந்த மாற்றே அதன் அமையச் செலவு. இவ்வளவும் முதலலகிலேயே கூறப்பட்டுவிடுகின்றன. இவற்றை விளக்குதற்குக் கரும்பலகையில் உற்பத்திச் சாத்திய வளையி வரையப்படும். ஓரச்சில் நெல், மற்றையதில் துணி என்றவாறு உதாரணம் அமையும். அவ்வளையியைத் தன் கொப்பியிற் பிரதி செய்யும் மாணவன், தன் வாழ்நாளின் பெருந்தெரிவுகளுள் ஒன்றைச் சற்று முன்னரே செய்து முடித்தவனாவான். சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை, தொழினுட்பம் என்பவற்றுள் ஒரு பிரிவிற் புகுந்தே அவன் அவ்வாங்கில் அமர்ந்திருக்கின்றான். பொருளியல் தனியொரு பாடமாக உயர்தரத்திலேயே தொடங்குவதால், அமையச் செலவு யாதென அறியுமுன்னரே அதனை அவன் செலுத்திவிட்டான். நெல்லையும் துணியையும் பற்றிப் பேசும் பாடம் இத்தெரிவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இம்மௌனம் தற்செயலானதன்று. கட்டிளமைப் பருவத்தினரை வருத்தும் வினா ‘எனக்கு எது வேண்டும்?’ என்பதிலும் பார்க்க ‘நான் யார்?’ என்பதேயாகும். முன்னைய வினாவிற்கு அவர்கள் கூறும் விடைகள் பின்னைய வினாவிற்கு விடை தேடும் முயற்சியின் கூறுகளாகவே அமைகின்றன. பொருளியல் இவ்வொழுங்கை மாற்றிக் கொள்கின்றது. தனக்கு வேண்டியவற்றை அறிந்தவனாய், அவற்றை வரிசைப்படுத்தி முடித்தவனாய் ஒருவன் சந்தைக்கு வருகின்றான் என அது எடுத்துக்கொள்கின்றது. 1932ஆம் ஆண்டிலே லயனல் ரொபின்ஸ் பொருளியலுக்கு வகுத்த புகழ்பெற்ற வரைவிலக்கணம் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. இலக்குகளுக்கும், பல்வகையிற் பயன்படத்தக்க அருமையான சாதனங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பை ஆராய்வதே அவ்வியலின் பணி. இலக்குகளின் நன்மை தீமை பற்றி அது நடுநிலை வகிக்கும். பொருளியலாளர் போதகராகிவிடலாகாது என்னும் நேர்மையான எண்ணம் இதிலுண்டு. வளர்ந்தவரின் உலகில் இந்நடுநிலை போற்றத்தக்கதே. ஆனால் இலக்குகளே இன்னும் உருப்பெறாத ஒருவனுக்கு முன்னால், இலக்குகள் பற்றி ஒன்றுஞ் சொல்லேன் என நிற்கும் ஓர் இயல் உண்மையிலேயே ஒன்றுஞ் சொல்லாதிருக்கின்றதா? ஈண்டு ஆராயப்படுவது இவ்வினாவே.

ஓர் இளைஞனின் ஆளுமையையே பொருளியற் கல்வியைக் கொண்டு வனைய முற்பட்டமைக்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1806இற் பிறந்த ஜோன் ஸ்ருவேட் மில்லைத் தந்தை ஜேம்ஸ் மில் பாடசாலைக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். 1819இல், மைந்தனுக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, அரசியற் பொருளாதாரம் முழுவதும் அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. கற்பித்த முறை விசித்திரமானது. நாள்தோறும் உலாவச் செல்லுகையில் தந்தை ஒரு பகுதியை விளக்குவார்; மறுநாள் மகன் அதனை எழுதிக் கொணர்தல் வேண்டும்; தெளிவும் திட்பமும் அமையும்வரை திரும்பத் திரும்ப எழுதுதல் வேண்டும். அதன்பின் ரிக்காடோவின் நூலும், அதன் துணைகொண்டு அடம் சிமித்தின் நூலும் பயிலப்பட்டன. குடும்ப நண்பராகிய ரிக்காடோ சிறுவனைத் தம்மில்லத்துக்கு அழைத்து, உடன் உலாவி, அப்பாடம் பற்றி உரையாடினார். சிறுவன் எழுதிய குறிப்புகள் 1821இல் தந்தை வெளியிட்ட பொருளாதார நூலுக்கு உதவின. இத்துணைச் சிறந்த பொருளியல் வகுப்பு வேறெந்தச் சிறுவனுக்கேனும் வாய்த்திருக்குமோ என்பது ஐயத்திற்குரியதே.

பதினைந்து வயதிற் பெந்தாமின் பயன்பாட்டுக் கோட்பாட்டை மில் கற்றார். அந்நூலை மூடிவைத்தபோது தாம் வேறொரு மனிதராகிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரெழுதிய சுயசரிதை கூறுகின்றது. சிதறிக் கிடந்த அறிவுக்கு ஓர் அச்சாணி கிடைத்தது; வாழ்வுக்கு ஒரு நோக்கம் கிடைத்தது; உலகச் சீர்திருத்தமே தமது பணியென அவர் துணிந்தார். பதினேழாம் வயதில், 1823இல், தந்தை பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பனி அலுவலகத்தில் தந்தையின் கீழேயே பதவி ஏற்றார். கம்பனியின் நிருவாகம் முடிவுற்ற 1858வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். (இந்தியாவைக் காணாமலே இந்தியாவைப் பற்றிய கடிதங்களை வரைந்த நெடிய உத்தியோகம் அது.) இவ்வாறாகக் கல்வி, கொள்கை, தொழில் என்னும் மூன்றும் இருபது வயதுக்கு முன்னரே அவருக்கு அமைந்துவிட்டன. அவற்றுள் எதனை அவர் தெரிவு செய்தார் என்பது கேட்கவேண்டிய வினா. 1826ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவரே அதனையொத்த வினாவொன்றைத் தம்மிடம் கேட்டார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிடின் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளத்திலிருந்து ‘இல்லை’ என்னும் விடை எழுந்தது. வாழ்வின் அத்திவாரம் முழுவதும் சரிந்ததென அவர் கூறுகின்றார்.

அச்சோர்வுக்கு மில் கூறும் காரணம் பகுத்தாயும் பழக்கம் உணர்ச்சியை அரித்துவிட்டது என்பதாகும். அது உண்மையாயிருக்கலாம். ஆயினும் அவர் வரலாற்றை வாசிப்போர்க்கு மற்றொரு காரணமும் தென்படும். சாதனங்களைப் பற்றிச் சிந்திக்கும் ஆற்றல் அவருக்கு நிரம்ப ஊட்டப்பட்டிருந்தது. இலக்கோ பிறரால் வைக்கப்பட்டிருந்தது. அது தமதுதானா என வினவுதற்கு அவரது கல்வியில் இடமிருக்கவில்லை. வினவியபோது தாங்கிப் பிடித்தற்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவனொருவன் குடும்பத்தைத் தாங்க முன்வரும் பகுதியைப் படித்துக் கண்ணீர் சிந்தியபோதும், 1828இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகளைப் படித்தபோதும் அவர் சிறிது சிறிதாக மீண்டார். அவர் பொருளியலைக் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது. 1836இல் வெளியான கட்டுரையொன்றில், செல்வத்தை மட்டுமே நாடும் மனிதனென்பது ஆய்வின் பொருட்டுச் செய்துகொண்ட கற்பனையே என்றும், மனிதர் உண்மையில் அவ்வாறானவரென எண்ணுமளவுக்கு அறிவற்ற பொருளியலாளர் எவருமிலர் என்றும் எழுதினார். பொருளியல் மனிதன் என்னும் உருவத்தைத் தெளிவாக வரைந்தவர்களுள் ஒருவரே அது சித்திரம் என்பதையும் உரத்துக் கூறினார். பாடநூல்கள் சித்திரத்தை வைத்துக்கொண்டன. எச்சரிக்கையைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

மில்லுக்கு நேரெதிரான நிலையில் நின்றவன் ஜேர்மனியின் திரியர் நகரத்து மாணவனொருவன். 1835இல், பதினேழு வயதிற் பாடசாலை இறுதித் தேர்வின்போது, தொழிலொன்றைத் தெரிவு செய்யும் இளைஞனின் சிந்தனைகள் என்னும் பொருளில் அவனொரு கட்டுரை எழுதினான். அவன் பெயர் கார்ள் மாக்ஸ். பதவியின் பகட்டைக் கண்டு மயங்குதல், பேராசையை உள்ளழைப்பென எண்ணி ஏமாறுதல் ஆகியவற்றைக் கூறிய பின்னர், மனித குலத்துக்குப் பயன்படும் தொழிலே சிறந்ததென அக்கட்டுரை முடிகின்றது. பதினேழு வயதிலே பலரும் எழுதக்கூடியதுதான். ஆயின் இடையிலே ஒரு வாக்கியம் வருகின்றது. உலகில் நமக்குரிய தொடர்புகளை நாம் தீர்மானிக்கும் நிலையை அடையுமுன்னரே அவை ஓரளவுக்கு நிலைபெறத் தொடங்கிவிடுகின்றன என்பது அதன் கருத்து. தெரிவு செய்வோன் வெற்றிடத்தில் நிற்பவனல்லன்; குடும்பமும் வருவாயும் ஊரும் அவனுக்கு முன்பே பேசிவிடுகின்றன. பிற்காலத்துப் பெருநூல்களின் வித்தை இவ்வாக்கியத்திற் காண்போரும் உளர். அது மிகைப்படுத்தலாகலாம். தெரிவு பற்றிய முதற்பாடத்திற் கூறப்படாத ஒன்றை ஒரு மாணவன் தேர்வுத்தாளில் எழுதியிருந்தான் என்பது மட்டும் போதும்.

மாக்ஸ் கண்ட அத்தடை இலங்கையில் எத்தகைய உருவங் கொண்டதென நோக்குமிடத்து, 1971ஆம் ஆண்டு முன்னிற்கின்றது. 1945இலிருந்து நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஒரு தலைமுறைக்குள்ளேயே கற்ற இளைஞர் பெருங்கூட்டமொன்றைத் தோற்றுவித்தது. அவர்கள் எதிர்பார்த்த உத்தியோகங்கள் அந்த அளவிற்குப் பெருகவில்லை. 1971 ஏப்ரலிற் கிளர்ச்சி வெடித்தது. அதிற் பங்குகொண்டோருட் பெரும்பாலானோர் கிராமப்புறத்துக் கற்ற சிங்கள இளைஞர். அதே ஆண்டில், டட்லி சியர்ஸின் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனத் தூதுக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. அவ்வறிக்கையின் தலைப்பே சிந்தனைக்குரியது: வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்தல் என்பது அதன் பொருள். நிலம், தொழில், வேதனம் முதலிய பலவற்றையும் அறிக்கை விரிவாக ஆராய்ந்தது உண்மையே. எனினும் எதிர்பார்ப்பு என்னும் சொல் தலைப்பிலே ஏறியபோது, இளைஞர் எதனை விரும்புகின்றனர் என்பது பொருளாதாரப் பிரச்சினையொன்றின் பாதியாயிற்று. விருப்புகளைத் தரப்பட்டவையெனக் கொள்ளும் இயல், விருப்புகளையே திருத்தியமைக்க வேண்டும் என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்தது.

1972இற் கல்விச் சீர்திருத்தம் வந்தது. இடைநிலை வகுப்பு மாணவர் யாவரும் ஊரிலுள்ள தொழில்களோடு தொடர்புடைய பாடங்களைக் கற்றல் வேண்டுமென விதிக்கப்பட்டது. மண்ணோடும் மரத்தோடும் இளைஞரை இணக்குவது அதன் நோக்கம். நோக்கிற் குறைகாண்பது எளிதன்று. ஆயினும் பெற்றோர் ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியபின் அச்சீர்திருத்தம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பெற்றோரின் ஐயத்தை அறியாமை என ஒதுக்குதல் தகாது. கானா நாட்டுக் கல்வியை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர், 1965இல் இதனையொத்த வாதமொன்றை மறுத்திருந்தார். கைத்தொழிற் கல்வியை விடுத்து ஏட்டுக் கல்வியை நாடும் மாணவன் காலனித்துவ மனப்பான்மையால் மயங்கியவனல்லன்; எத்தொழிலில் ஊதியமும் மதிப்பும் உண்டென்பதை அவன் சரியாகவே கணக்கிட்டுள்ளான்; சமூகத்தின் வெகுமதி முறையை மாற்றாது பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால் அவன் மனம் மாறாது என்பது அவர் வாதம். இவ்வாதத்தின்படி நோக்கின், விரிவுரையாளரின் மகனை மருத்துவத்திற்கும் விவசாயியின் மகனை விவசாயத்திற்கும் இணக்குவிக்கும் கல்வி ஓர் ஒழுக்கக் கேள்வியை எழுப்புகின்றது. பிறனொருவனின் ஆசையைச் சுருக்குதற்கு எவருக்கு உரிமையுண்டு? தன் ஆசையைச் சுருக்காதவன் அதனைப் போதிக்கலாமா?

தமிழ்ப் பகுதிகளில் இக்கதை வேறொரு திருப்பத்தைக் கொண்டது. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், அங்குள்ள மாணவரின் கணக்கையே குலைத்தது. மாணவன் தன் விருப்பையும் திறமையையும் அறிந்திருந்தாலும், நுழைவாயிலின் அளவு அவன் அறியாதவாறு மாறிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்களின் கீழ்க் காணி பெற்ற இளைஞர், காற்சட்டையை மடித்துவிட்டுத் துலவிலும் இயந்திரத்திலும் நீரிறைத்துப் பயிர் செய்தனர். ‘படித்தவன்’ என்பதும் ‘தோட்டக்காரன்’ என்பதும் ஒருவனுக்கே உரிய பெயர்களாகலாம் என்பது சில ஆண்டுகளுக்கேனும் மெய்ப்பிக்கப்பட்டது. உபதேசம் செய்யாததை விலை செய்தது. ஆனால் 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலைகள் சரிந்தன. விலையால் வந்த அடையாளம் விலையோடு தளர்ந்தது. பொஸ்ரரின் வாதத்திற்கு இது சான்றாகும். அதேவேளை அவ்வாதத்தின் போதாமைக்கும் இதுவே சான்றாகும். ஏனெனில், விலை வீழ்ந்தபின்னும் தோட்டத்தை விடாது நின்றவரும் இருந்தனர். அவர்கள் தவறாகக் கணக்கிட்டவர்களா? அல்லது அந்த ஆண்டுகளிலே வேறொருவராகிவிட்டவர்களா? பொருளியலின் ஏட்டில் இரண்டாவது விடைக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை.

இவ்விடத்தை உண்டாக்கும் முயற்சிகள் பிற்காலத்திலே தோன்றின. முதலில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி. 1977இல் ஸ்ரிக்லரும் பெக்கரும், மனிதரின் சுவைகள் காலத்தால் மாறாதவை, ஆளுக்காள் பெரிதும் வேறுபடாதவை எனக் கொண்டே நடத்தை யாவற்றையும் விளக்கலாமென வாதித்தனர். விலையும் வருமானமும் முன்னைய அனுபவமுமே வேறுபாட்டுக்குப் போதுமான காரணங்களாம். அதன் திறமை வியக்கத்தக்கது. ஆயினும் பதினாறு வயது மகளையோ மகனையோ வீட்டில் வைத்திருக்கும் எவரும் அதனை நம்பமாட்டார். அதே 1977இல் அமர்த்தியா சென், ஒரேயொரு விருப்பு வரிசையைக் கொண்டு வாழ்வின் அனைத்தையும் தீர்க்கும் மனிதனைப் பகுத்தறிவுள்ள மூடன் என அழைத்தார். பின்னர், 2000ஆம் ஆண்டளவில், ஏக்கலொவும் கிரான்ரனும் அடையாளத்தை நேரடியாகவே பொருளியலுக்குட் கொணர்ந்தனர். தான் எக்குழுவைச் சேர்ந்தவன் என ஒருவன் எண்ணுகின்றானோ, அக்குழுவினனுக்குத் தகுமென அவன் கருதும் செயல்கள் அவனுக்கு நிறைவைத் தருகின்றன. தகாதவை இழப்பைத் தருகின்றன. 2002இல் இக்கருத்தைப் பாடசாலைக்குப் பொருத்தி அவர்கள் எழுதினர். மாணவனின் முயற்சி எதிர்கால ஊதியத்தால் மட்டும் தூண்டப்படுவதன்று. பாடசாலை முன்வைக்கும் இலட்சிய மாணவனுக்கும் தனக்குமுள்ள தூரத்தை அவன் எவ்வாறு உணருகின்றான் என்பதாலும் அது கூடும், குறையும்.

அமெரிக்கப் பாடசாலைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இதனை விளங்குதற்கு இலங்கை மாணவன் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இங்கே ‘பயோ’, ‘மட்ஸ்’, ‘கொமர்ஸ்’, ‘ஆட்ஸ்’ என்பன பாடத்தொகுதிகளின் பெயர்களாகத் தொடங்கி மனிதரின் பெயர்களாக முடிந்துவிட்டன. கலியாண வீட்டிற் சந்திக்கும் உறவினர் பிள்ளையின் பெயரைக் கேட்ட மறுகணம் பிரிவைக் கேட்கின்றனர். உயிரியலென்றால் புருவம் உயர்கின்றது. கலையென்றால் ஒரு சிறு மௌனம், பின்பு ‘அதுவும் நல்லதுதான்’ என்றோர் ஆறுதல். வரலாற்றை விரும்பித் தெரிந்தவளும் வேறு வழியின்றிக் கலைப்பிரிவுக்கு வந்தவளும் அவ்வாறுதலின் முன் ஒன்றாகிவிடுகின்றனர். தெரிவு, தெரிந்தவளிடமிருந்து பறிக்கப்பட்டு எச்சமாக அவளுக்கே திருப்பித் தரப்படுகின்றது. பொருளியல் வர்த்தகப் பிரிவுக்கும் கலைப்பிரிவுக்கும் பொதுவான பாடம். ஆகவே அதே அமையச் செலவுப் பாடத்தை இருசாராரும் கற்கின்றனர். ஒருசாரார் எதனைக் கைவிட்டனர் என வினவப்படுவதில்லை. மற்றச்சாராரிடம் கைவிட எதுவும் இருந்திருக்குமென எவரும் நினைப்பதில்லை.

பொருளியலைக் கற்பதே மனிதரை மாற்றுகின்றதா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 1981இல் மார்வெல், ஏம்ஸ் என்னும் இரு சமூகவியலாளர், பொதுநிதிக்கு எவ்வளவு வழங்குவர் என்னும் பரிசோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். ஏனையோர் தம்மிடமிருந்ததிற் சராசரியாக 49 சதவீதத்தை வழங்க, பொருளியற் பட்டப்பின்படிப்பு மாணவர் 20 சதவீதத்தையே வழங்கினர். அவர்கள் அப்படிப்பைத் தொடங்கியிருந்த புதியவர்கள். ஆதலின் பாடம் அவர்களை அவ்வாறாக்கியதா, அவ்வாறானோர் பாடத்தைத் தேடி வந்தனரா என்பது அதனால் முடிவாகாது. பலர் மேற்கோள் காட்டும் அவ்விலக்கங்களைக் காட்டிலும் கவலைக்குரியது வேறொரு செய்தி. நியாயமான பங்கு எதுவென வினவியபோது அம்மாணவருள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் விடையளிக்க மறுத்தனர், அன்றேல் வகைப்படுத்த முடியாதபடி சிக்கலான விடைகளைத் தந்தனர். சுயநலம் பிழையென்பதோ சரியென்பதோ ஒரு விடை. நியாயம் என்னும் சொல்லே தம் பாடத்திற் பொருளற்றதென ஒருவன் கருதத் தொடங்கினால், இலக்குகள் பற்றி ஒன்றுஞ் சொல்லேன் என்ற இயல் ஏதோவொன்றைச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் கூறப்பட்டமையாற் பொருளியலைக் கட்டிளமைப் பருவத்தினர்க்குக் கற்பிக்கலாகாது என்னும் முடிவு பெறப்படாது. ‘மனம் விரும்பியதைச் செய்’ என்னும் இன்மொழி அதற்கு மாற்றாகாது. விரும்பியதைச் செய்வதற்கும் யாரோ ஒருவர் செலுத்துகின்றார் என்பதைக் கூறும் துணிவு பொருளியலுக்கே உண்டு. கல்வி இலவசமென்னும் நாட்டில், உயிரியல் படிக்கும் மூத்தவனின் ரியூட்டரிக் கட்டணத்திற்காக இளையவள் தன் வகுப்பை நிறுத்துகின்றாள்; வீட்டுக் கணக்கில் அது எங்கும் பதியப்படுவதில்லை. ‘பெண் பிள்ளைக்கு ஏன்?’ என்னும் வார்த்தையோடு விடயம் முடிந்துவிடுகின்றது. செலவென்பது கையிலிருந்து கொடுத்த காசு மட்டுமன்று, கைவிடப்பட்ட மாற்றும் செலவே என்னும் எண்ணம் அவளுக்குத் தன் இழப்பைச் சொல்லும் மொழியைத் தருகின்றது. அதுவரை அவளிடமிருந்தது மனக்குறை. அதன்பின் அவளிடமிருப்பது வாதம். பொருளியற் கல்வி ஒருவரின் அடையாளத்துக்குச் செய்யக்கூடிய மிகப்பெரும் உபகாரம் இதுவாகலாம். ஆனால் இதற்குப் பாடநூலின் வளையி ஒரு வினாவைக் கூட்டிக்கொள்ளல் வேண்டும். ஓரச்சில் உள்ளதைக் கூட்டினால் மற்றையதில் எவ்வளவு குறையுமென அது காட்டுகின்றது. குறைவது யாருடையது என்பதை அது காட்டுவதில்லை.

2022ஆம் ஆண்டு இப்பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடாத்தியது. அவ்வாண்டு மார்ச்சிற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அருமை என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் மனனம் செய்த மாணவர், எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் வீட்டாருக்காக நின்றனர். அவர்களுட் பலரின் நாட்டமும் அந்நாட்களில் மாறியது. மருத்துவமும் பொறியியலும் உள்ளூரில் ஓரிடத்தை அடைதற்கு என்ற நிலை போய், நாட்டைவிட்டுச் செல்லுதற்கு எது உதவும் என்பதே தெரிவின் அளவுகோலாயிற்று. இதனைக் கணக்கென்றும் கூறலாம். தான் எவ்வூரவன் என்னும் உணர்வில் ஏற்பட்ட பிளவென்றும் கூறலாம். இரண்டும் ஒரே பையனுள்ளே, ஒரே வரிசையில் நின்றவாறு நிகழ்ந்தவை. அந்நிலையிற் பொருளியல் ஆசிரியர் நிரம்பலும் கேள்வியும் வெட்டும் புள்ளியைக் குறித்துவிட்டு அடுத்த அலகிற்குச் செல்வாராயின், அவர் பாடத்தை முடித்தவராவார், மாணவன் முடித்தவனாகான்.

வேறுவகையிற் செய்தற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டியதில்லை. முதலலகின் முதற்கிழமையில் நெல்லும் துணியும் வருமுன்னர், ஒவ்வொரு மாணவரும் தாம் விட்டுவந்த பிரிவு யாது, அதனை விடச் சொன்னவர் யார், விட்டதனால் எவர் எதனைச் செலுத்துகின்றனர் என்பதை ஒரு தாளில் எழுதலாம். ‘எனக்கு எந்த மாற்றும் இருக்கவில்லை’ என எழுதுபவரும் இருப்பர். அவ்விடையும் பொருளியலே; மாற்றில்லாதவனின் அமையச் செலவு பூச்சியமெனப் பாடநூல் கூறும், அதனை அம்மாணவன் முன்னிலையில் ஆசிரியர் உரத்து வாசித்துப் பார்க்கட்டும். மில் தம் மைந்தனுக்கு உலாவின்போது கற்பித்தவை யாவும் மறுநாள் எழுத்தில் வரவேண்டியிருந்தன. இவ்வொரு வினா மட்டும் அவ்வெழுத்துகளில் இடம்பெறவில்லை. இன்றைய வகுப்பிலும் அதற்கு இடங்காண்பது சிரமமே. இத்தாளைத் திருத்துதற்குப் புள்ளித்திட்டம் கிடையாது. மேலும், எழுதியவற்றை வாசித்த ஆசிரியர் தாம் எப்பிரிவை எதற்காகத் தெரிந்தார் என மாணவர் வினவுவதற்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.